பொன்ராஜுக்குப் பின்னால்

வெங்கடேஷுக்குக் கடவுள் தாராளமாகக் கொடுத்த ஒரே பொருள் தொண்டை. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்தவன். தெப்பக்குளத்துக்கு அந்தப் பக்கம் போகிற ஆட்டோவை இந்தப் பக்கத்திலிருந்தே நிறுத்திவிடுவான் என்று தெருவில் கேலி செய்வார்கள். அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு ஒருவன் கச்சேரி செய்யலாம், கட்சியில் சேரலாம், மீன் விற்கலாம். வெங்கடேஷ் கோல்கீப்பர் ஆனான்.

அதிலும் தப்பில்லை. பதினோரு பேரில் மைதானம் முழுவதையும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நிற்பவன் கோல்கீப்பர் ஒருவன்தான். முன்னால் நின்று தடுக்கிற பேக்குகளுக்கு எவன் எந்தப் பக்கம் நுழைகிறான் என்று கத்திச் சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு. வெங்கடேஷ் அந்தப் பொறுப்பை ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை மூச்சு விடாமல் செய்தான். "ரைட்ல வர்றான் ண்ணா! ஏறு ண்ணா! அத்த வுடாத!" என்று அவன் போடும் சத்தத்தில் எதிரணிக்காரர்களே சில சமயம் அவன் சொல்படி நடந்திருக்கிறார்கள்.

அவனை வேலைக்கு எடுத்தது ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த மாணிக்கவேல் ஷட்டர்ஸ் என்கிற கம்பெனி. பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் காலையில் கடகடவென்று மேலே ஏறுகிற இரும்புக் கதவுகளில் பாதி அங்கே செய்ததுதான். முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். சொந்தமாக ஓர் அணி வைத்து, அதைச் சென்னை லீகின் முதல் டிவிஷன்வரை கொண்டுவந்திருந்தார். ஆடுவதற்கென்றே வெளியிலிருந்து ஆள் எடுத்துச் சம்பளம் கொடுத்தார். வெங்கடேஷும் இன்னும் ஆறு பேரும் அப்படி வந்தவர்கள். கம்பெனி வருகைப் பதிவில் அவர்கள் பெயருக்கு எதிரே 'தற்காலிகம்' என்றுதான் போட்டிருக்கும். மீதி நான்கு பேர் பட்டறையிலேயே வேலை பார்க்கிறவர்கள். தகட்டை மடித்து ஷட்டர் பட்டை உருட்டும் மெஷினில் நான்கு பேரும் ஒரே ஷிஃப்ட். மைதானத்தில் நான்கு பேரும் பேக்குகள்.

அந்த நால்வரின் நடுநாயகம் பொன்ராஜ். அணியின் ஸ்டாப்பர். எதிரணி ஃபார்வர்டுக்கும் கோலுக்கும் குறுக்கே கடைசியாக நிற்கிற ஆள்.

அவர் ஆடுவதை முதல்முறை பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். உயரம் நடுத்தரம். ஓட்டம் சுமார். காலை நீட்டிச் சறுக்கிப் பந்தைப் பறிப்பது, எகிறி விழுவது, ஆளைத் தள்ளுவது ஒன்றும் கிடையாது. ஆட்டம் முடிந்து வரும்போது அவர் டவுசரில் மண் ஒட்டியிருக்காது. ஃபார்வர்டு பந்தோடு வருவான். பொன்ராஜ் ஓரடி பின்வாங்குவார். அவன் இன்னும் வருவான். இவர் தோளை மட்டும் கொஞ்சம் திருப்புவார். அவ்வளவுதான். வந்தவன் தானாகவே ஓரத்துக்குப் போய், தானாகவே கோட்டுக்கு வெளியே பந்தை விட்டுவிட்டு, எப்படி இங்கே வந்தோம் என்று புரியாமல் இடுப்பில் கை வைத்து நிற்பான். வெங்கடேஷ் மூன்று வருஷமாக அந்த முதுகுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் அவனுக்கு மெய்சிலிர்க்கும். அடுத்த நிமிஷம், 'கரெக்டான நேரத்துல சத்தம் குடுத்தேன், அதான்' என்று தன் பங்கையும் சேர்த்துக்கொள்வான்.

பொன்ராஜுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த கோச் யாரும் கிடையாது. உடன்குடிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் ரங்கநாதன் தெருப் பாத்திரக்கடை ஒன்றுக்கு வேலைக்கு வந்தவர். கடைப் பையன்கள் கடையிலேயே படுப்பார்கள். விடிந்ததும் தெருவில் கூட்டம் சேர்வதற்குள் ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு ஆட்டம் நடக்கும். நாலு முழ அகலத் தெரு, இரண்டு பக்கமும் கடை. அவர்கள் கடைக்கு முன்னால் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி ஒன்று, உள்ளே வெள்ளிக் குத்துவிளக்கு. அதில் பந்து பட்டால் அத்தனை பேருக்கும் அன்றே ஊருக்கு ரயில். ஆகவே ஒருவன் ஆடாமல் கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. யாருக்கும் பிடிக்காத அந்த வேலை புதிதாக வந்த பொன்ராஜ் தலையில் விழுந்தது. வருஷக்கணக்காக அவர் அங்கே நின்றார். கண்ணாடி உடையவில்லை. எவன் கால் எந்தப் பக்கம் திரும்பினால் பந்து எங்கே போகும் என்பது அவருக்கு அப்படித்தான் ரத்தத்தில் ஊறியது. பிறகு அந்தக் கடைக்கு ஷட்டர் மாட்ட வந்தவர்களோடு பேசிப் பழகி, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்கே வேலைக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு லீகில் மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணி எது என்று பார்த்தால் மாணிக்கவேல் ஷட்டர்ஸ். மிகக் குறைவாகக் கோல் போட்ட அணி எது என்று பார்த்தாலும் அதே மாணிக்கவேல் ஷட்டர்ஸ். ஆட்டத்துக்கு ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நேரு ஸ்டேடியத்தில் இந்த அணி இறங்கினாலே காலரியில் சிரிப்பு கிளம்பும். "கடைய சாத்திட்டாங்க நைனா, வா டீ குட்ச்சிட்டு வரலாம்" என்று பாதிப் பேர் எழுந்து போவார்கள். போதாக்குறைக்கு நடுவர் விசில் ஊதியபோதெல்லாம் இவர்களுடைய ரைட் பேக் அம்மாசி சட்டென்று வலது கையைத் தூக்குவான். ஃபவுல் யார் செய்தது, பந்து யாருக்கு என்றெல்லாம் பார்க்க மாட்டான். விசில் கேட்டால் கை மேலே. "இன்னா மச்சி, வாத்தியார்கிட்ட ஒண்ணுக்குப் போகணும்னு கேக்குறியா?" என்று காலரியிலிருந்து கத்துவார்கள். அம்மாசி கண்டுகொண்டதே இல்லை.

சும்மா டிரா செய்துகொண்டிருந்தால் புள்ளி எங்கிருந்து வரும்? லீக் முடிகிற கட்டத்தில் அணி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். கலைந்தால் தற்காலிகங்கள் அத்தனையும் வீட்டுக்கு. வெங்கடேஷுக்கு அப்போதுதான் அவன் அம்மா புஷ்பம் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களிடம் "கம்பெனியில கீறான்" என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது ஊசலாடியது.

அணியின் மேனேஜர் அனந்தராமன். கம்பெனியில் பெரிய அக்கவுண்டண்ட். மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் வீடு. நல்ல மனிதர், ஆனால் கோல் விழாத ஆட்டத்தைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சைக் கரிக்கும். நந்தனம் மைதானத்தில் பிராக்டீஸ் முடிந்து எல்லோரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கோச்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது, கோலே போடாம எத்தனை நாள்தான் ஓட்டறது? டிஃபென்ஸை வச்சுண்டு தோக்காம வேணா இருக்கலாம். ஜெயிக்க முடியுமோ?"

"சார், நமக்கு இப்ப ஜெயிக்க வேணாம் சார். கடைசி மேட்ச் டிரா பண்ணா போதும், தப்பிச்சிடுவோம்" என்றார் கோச்.

"அதுக்கும் அந்தப் பொன்ராஜ் ஃபீல்டுல இருக்கணுமே. போன ரெண்டு மேட்சுலயும் மஞ்சக் கார்டு வாங்கிண்டு வந்து நிக்கறான். ரெஃப்ரி விசில் அடிச்சப்புறம் பந்தைத் தூக்கி வெளியில உதைக்கறான். என்ன திமிர் அவனுக்கு?" என்று சொன்ன அனந்தராமன் வெங்கடேஷ் பக்கம் திரும்பினார். "நீ போய் அவன்கிட்ட எடுத்துச் சொல்லு. ஃபீல்டுல அவன் உன் பேச்சை மட்டும்தானே கேக்கறான்."

வெங்கடேஷுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'கோல்கீப்பரின் குரல்தான் இந்த அணியின் அரண்' என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தது. அதைக் கத்தரித்து பர்ஸில் வைத்திருந்தான். மேனேஜரே அதைச் சொல்லும்போது மறுக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை கே.கே. நகரின் கடைசியில் பொன்ராஜ் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனான். அடிபம்புக்குப் பக்கத்தில், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொன்ராஜ் தன் பூட்சை பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பொன்ராஜ் ண்ணா" என்றான் வெங்கடேஷ். அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டில் ஒருவர் சோப்பு நுரை முகத்தோடு எட்டிப் பார்த்தார். கூரைமேல் இருந்த காகம் பறந்தது. வெங்கடேஷ் மைதானத்துக் குரலை எடுத்தான். எதிர்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. பொன்ராஜ் நிதானமாக இரண்டாவது பூட்சைக் கையில் எடுத்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பேச்சியம்மாள் வந்தாள். வாளியில் கையை விட்டு நாலு சொட்டுத் தண்ணீரை அவர் முதுகில் தெளித்தாள். அவர் திரும்பினார். வெங்கடேஷைப் பார்த்துச் சிரித்தார். "ஏ, வா தம்பி. எப்பம் வந்த?"

பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி, "அவியளுக்குக் காது கேக்காதுல்லா. ஒங்களுக்குத் தெரியாதா? ஒண்ணா ஆடுதிய" என்றாள்.

வெங்கடேஷுக்கு உடனே ஒன்றும் ஓடவில்லை. பிறகு மெதுவாக ஓடியது. மூன்று லீக். அத்தனை ஆட்டம். ஏறு ண்ணா, இறங்கு ண்ணா, ரைட்டு, லெஃப்ட்டு. தொண்டை கட்டிக்கொண்டு மிளகு கஷாயம் குடித்த ராத்திரிகள். எல்லாவற்றையும் அவன் அந்த முதுகிடம் சொல்லியிருக்கிறான். அந்த முதுகுக்கு ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. அவமானத்தில் காது மடல் சூடானது.

பொன்ராஜ் அவனை எதிரே ஸ்டூலில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். பட்டறைச் சத்தத்தில் அஞ்சாறு வருஷத்திலேயே காது மங்க ஆரம்பித்ததாம். உதட்டைப் பார்த்தால் பேச்சு புரியும். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது.

"அப்போ நான் கத்துனது ஒண்ணுகூட உனுக்குக் கேக்கலியா ண்ணா?"

"நீ கத்துவேன்னு தெரியும்ல. பயலுவ சொல்லுவானுவ, இன்னைக்கி ரொம்பக் கத்துதான்னு."

"சிரிக்காத ண்ணா. எனுக்கு அழுகையா வருது."

பொன்ராஜ் சிரிப்பை நிறுத்தினார். "இங்க பாரு. எனக்குக் கேக்காது, சரி. எதுக்க வாரவனுக்குக் கேக்கும்லா? நீ ரைட்டுன்னு கத்துனா, அவன் கண்ணு சட்டுன்னு மத்தப் பக்கம் போவும். அதப் பாத்துதான் நான் நவுருதேன். நீ சொல்லுதது அவன் மூஞ்சி வழியா எனக்கு வந்து சேந்துரும்."

அது நிஜமா, அவனைத் தேற்றுவதற்குச் சொன்னதா என்று வெங்கடேஷால் கண்டுபிடிக்க முடியவில்லை. "விசில்?" என்று கேட்டான்.

"அதுக்குத்தான் அம்மாசி கையத் தூக்குதான். வலப்பக்கமாத் திரும்பி நான் நிக்கிற நெலையில எடப்பக்கம் நிக்கிற ரெண்டு பேரும் கண்ணுல படமாட்டானுவ. வலப்பக்கம் அவன் ஒருத்தன்தான் தெரிவான். பட்டறையிலயும் எங்களுக்குக் கைதான். அந்தச் சத்தத்துல எவன் வாயத் தொறப்பான்?"

அம்மாசி முழங்கால் பிசகி இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்திருந்தான். அந்த இரண்டு ஆட்டத்தில்தான் மஞ்சள் கார்டுகள். திமிர் என்று ஊரே சொன்னது இதைத்தான். காலரியே எள்ளி நகையாடிய அந்தக் கை இதற்குத்தான். நாலு பேரும் ஒருவர் பலவீனத்தைப் பங்கு போட்டுச் சுமந்துகொண்டு, லீகிலேயே உடைக்க முடியாத சுவராக நின்றிருக்கிறார்கள். பின்னால் நின்ற தனக்கு மட்டும் தெரியவில்லை. வெங்கடேஷுக்கு இப்போது வெட்கம் போய் வேறு ஏதோ வந்தது. கோயிலில் திரை விலகும்போது பேச்சு வராதே, அந்த மாதிரி.

புறப்படும்போது பேச்சியம்மாள் வாசல்வரை வந்தாள். "தம்பி, ஆபீசுல சொல்லிராதிய. சொன்னா ஆட்டமும் போவும், பட்டறையும் போவும். காது கேக்காத ஆள மெசினுகிட்ட விடமாட்டாவ."

"சொல்ல மாட்டேன்க்கா" என்றான். மறுநாள் அனந்தராமன் கேட்டபோது, "சொல்லிட்டேன் சார், இனிமே பாத்து ஆடுவாரு" என்று மட்டும் சொன்னான். அவர் "பாத்தியோ, நான்தான் சொன்னேனே" என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று பிராக்டீஸில் வெங்கடேஷ் ஒரு காரியம் செய்தான். வாயை மூடிக்கொண்டு நின்றான். கோச் என்னடா தொண்டையா என்று கேட்டார், ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். கத்துவது நின்றதும் கண் திறந்துகொண்டதுபோல் இருந்தது. நாலு பேரும் ஒரு கயிற்றில் கோத்ததுபோல் ஏறி இறங்கினார்கள். அம்மாசி கழுத்தைத் திருப்பினால் இடது ஓரத்தில் நிற்பவன் நகர்ந்தான். பொன்ராஜ் ஒரு விரலை மடக்கினால் மூன்று பேரும் முன்னே போனார்கள், ஃபார்வர்டு ஆஃப்சைடில் மாட்டிக்கொண்டான். ஒரு சத்தமில்லை. இத்தனை நாள் தன் சத்தத்தில் தானே இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

கடைசி ஆட்டம் ஒரு வங்கி அணியோடு. அவர்கள் ஜெயித்தால் சாம்பியன். கேரளத்திலிருந்து வந்த இரண்டு ஃபார்வர்டுகள், இரண்டு பேரும் எமகாதகர்கள். ஆவணி வெயில் சாயந்திரத்திலும் கொளுத்தியது. காலரி நிறைந்திருந்தது. முதலாளி வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அனந்தராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாசி முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினான். அரை மணி நேரம் தாங்கினான். பிறகு ஒரு திருப்பத்தில் கால் மடங்கி விழுந்தவனைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. வெளியே போகும்போது அவன் பொன்ராஜைப் பார்க்கவில்லை, வெங்கடேஷைப் பார்த்தான். அம்மாசிக்குப் பதில் இறங்கியவன் வெளியாள். அவனுக்கு விஷயம் தெரியாது, அவசரத்தில் சொல்லவும் முடியாது.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நடுவர் விசில் ஊதினார். எல்லோரும் நின்றார்கள். பொன்ராஜ் மட்டும் ஓடிவந்து பந்தை ஓங்கி உதைத்தார், அது காலரிக்குள் போய் விழுந்தது. மஞ்சள் கார்டு. இன்னொன்று காட்டினால் வெளியே போக வேண்டியதுதான் என்று நடுவர் விரலை ஆட்டி எச்சரித்தார். பொன்ராஜ் அவர் வாயையே பார்த்துத் தலையாட்டினார். "செவிடா அவன்?" என்று காலரியில் ஒருவன் கத்தினான். கத்தியவனுக்குத் தான் சொன்னது என்னவென்று தெரியாது.

இடைவேளைக்குப் பிறகு வங்கிக்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். வெங்கடேஷ் கத்தினான். பொன்ராஜுக்கு இல்லை, எதிரே வருகிறவனுக்கு. நிஜமோ பொய்யோ, அவர் சொன்னதை நம்பிக் கத்தினான். வலது பக்கம் என்று கத்தியதும் ஃபார்வர்டின் கண் இடது பக்கம் ஓடியது, அதே கணத்தில் பொன்ராஜின் தோள் திரும்பியது. வெங்கடேஷ் தன் கண்ணால் பார்த்தான். அவர் பொய் சொல்லவில்லை. அடுத்த பந்துக்கு இன்னும் சத்தமாகக் கத்தினான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அது நடந்தது. பெனால்டி ஏரியாவுக்குள் உயரமாக ஒரு பந்து வந்தது. வங்கிக்காரன் ஆஃப்சைடில் நின்றான், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார், விசில் ஊதியது. வங்கிக்காரன் கையைத் தொங்கப்போட்டு நின்றுவிட்டான். பந்து தரையில் ஒரு குதி குதித்து பொன்ராஜின் காலடிக்கு வந்தது. கொடி அவருக்குப் பின்புறம். அவர் உதைப்பதற்குக் காலைப் பின்னால் இழுத்தார்.

கத்தி என்ன பயன்? வெங்கடேஷ் ஓடினான். யோசிக்கவில்லை. தன் சொந்த ஸ்டாப்பரின் காலடியில், எதிரணிக்காரன் காலடியில் விழுவதுபோல், பாய்ந்து விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டான். பொன்ராஜின் பூட்ஸ் அவன் வலது கையில் இறங்கியது. விரலுக்குள் ஏதோ நொறுங்கியது அவனுக்கே கேட்டது.

காலரி ஒரு கணம் அடங்கிவிட்டுச் சிரித்தது. தன் ஆளிடமே பந்தைப் பிடுங்குகிற கீப்பரை அவர்கள் பார்த்ததில்லை. நடுவர் வந்து பார்த்தார். பந்து வெளியே போகவில்லை, கார்டு காட்ட ஒன்றுமில்லை. "ஆடுவியா?" என்று கேட்டார். மாற்று ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே இறங்கியாயிற்று. இவன் போனால் கோலில் நிற்க ஆள் கிடையாது. "ஆடுறேன் சார்" என்று சொல்லி, கிளவுஸைக் கழற்றாமல் எழுந்து நின்றான். பொன்ராஜ் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கிளவுஸைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்தது.

திரும்பிப் போய், பட்டறைக்கார பேக்குகள் இரண்டு பேருக்கும் கையால் ஏதோ காட்டினார். அந்த வெளியாளையும் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்ன இடத்தில் நில் என்று நிறுத்தினார்.

அடுத்து நடந்ததைத்தான் வெங்கடேஷ் பிற்பாடு பிள்ளை பெற்று, தலை நரைத்து, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான். வலது கை மரத்துப்போய்த் தொங்கியது. ஒரு பந்து, சின்னப் பிள்ளை உதைக்கிற மாதிரி ஒரு பந்து நேராக வந்தாலும் அவனால் பிடித்திருக்க முடியாது. வங்கிக்காரர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. எங்கிருந்து வேண்டுமானாலும் கோலைப் பார்த்து அடியுங்கள் என்று அவர்களுடைய கோச் கோட்டோரம் ஓடி ஓடிக் கத்தினார். அவர்களும் அடித்தார்கள். அடித்த அத்தனையும் ஏதாவது ஒரு தொடையில், தோளில், முதுகில் பட்டுத் திரும்பியது. பொன்ராஜ் அன்று முதல்முறையாக விழுந்தார், சறுக்கினார், மண்ணில் புரண்டார். மார்பில் வாங்கினார், முகத்தில் வாங்கினார். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் வடிந்தது. அவன் ஒருவன்தான் பின்னால் நிற்கிறான், அவனால் முடியாது, அவனுக்குப் பந்து போகக் கூடாது என்று அந்த நான்கு பேரின் முதுகிலும் எழுதி ஒட்டியிருந்ததுபோல் இருந்தது. சிரித்த காலரி சிரிப்பதை நிறுத்தியது. டீ குடிக்கப் போனவர்கள் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். அனந்தராமன் நாற்காலியை விட்டு எழுந்து, கை குவித்தபடி நின்றார். கோல் விழாத ஆட்டத்தை அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு பந்துகூட வெங்கடேஷிடம் வரவில்லை.

மூன்று முறை நீட்டி விசில் ஊதினார் நடுவர். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அணி முதல் டிவிஷனில் தங்கிவிட்டது, தற்காலிகங்கள் பிழைத்தார்கள். வங்கிக்காரர்கள் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். காலரியிலிருந்து ஜனம் கம்பியைத் தாண்டிக் குதித்தது.

பொன்ராஜ் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையை அகட்டி, யாரும் வராத திசையைப் பார்த்துக் காவல் நின்றார். கூட்டம் ஓடிவருவதைக்கூட எதிரணிதான் வருகிறது என்று நினைத்தாரோ என்னவோ, தோளைத் திருப்பினார்.

வெங்கடேஷ் கோலைவிட்டு நடந்துவந்தான். அவரைச் சுற்றிக்கொண்டு போய், முன்னால் முகத்துக்கு நேரே நின்றான். சொல்ல எவ்வளவோ இருந்தது, மயிலாப்பூருக்கே கேட்கிற மாதிரி கத்தத் தோன்றியது. கத்தவில்லை. மூச்சுக் காற்றுகூட வராமல் உதட்டை மட்டும் அசைத்தான். முடிஞ்சிடுச்சு ண்ணா. நாம இருக்கோம்.

பொன்ராஜ் அந்த உதட்டைப் பார்த்தார். கையைக் கீழே போட்டார். கிழிந்த உதட்டோடு சிரித்தார்.

"கத்தாதல. நல்லாக் கேக்குது" என்றார்.